அடியாரும் அடியாளும்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், அமெரிக்காவின் யூட்டா பாலைநிலத்தில் மார்மன் சமயத்தார் 1847-இல் குடியேறி ஊர் கண்ட வரலாற்றை எழுதியிருந்தோம். கால்வாய் வெட்டியதையும் கோதுமை விளைவித்ததையும் பாராட்டி வந்த கடிதங்கள் சில. அந்தக் கட்டுரையில் ‘சபையின் அடியாட்கள்’ என்று நாங்கள் ஒற்றை வரியில் கடந்துபோனதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களோ பல. ஒற்றை வரியில் கடந்தது எங்கள் பிழைதான். எனவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: மாணவப் பருவத்தில் படித்த பழைய ஆங்கிலத் துப்பறியும் கதை ஒன்றில், மார்மன் சபையை எதிர்ப்பவர்களை இரவோடு இரவாகத் தீர்த்துக்கட்டும் இரகசியக் கூட்டம் ஒன்று வரும். அப்படி ஒரு கூட்டம் உண்மையிலேயே இருந்ததா, கதாசிரியரின் கற்பனையா?

பதில்: இருந்தது. ஆனால் கதை அதை வைத்திருக்கும் இடத்திலும் இல்லை, காலத்திலும் இல்லை. உண்மையான கூட்டம் 1838-ஆம் ஆண்டுக் கோடையில், யூட்டாவுக்கு ஏறத்தாழ ஆயிரம் மைல் கிழக்கே, மிசௌரி மாநிலத்தின் ஃபார் வெஸ்ட் என்னும் ஊரில் தோன்றிச் சில மாதங்களே உயிரோடிருந்தது.

ஜோசப் ஸ்மித் 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை, எட்டாண்டுக்குள் ஒஹாயோவில் அமைத்த தலைமையிடத்தை விட்டுவிட்டு மிசௌரிக்கு வந்திருந்தது. ஒஹாயோவில் சபைத் தலைவர்கள் நடத்திய வங்கி 1837-இல் முறிந்தபோது, பணத்தை இழந்தவர்களில் பலர் தீர்க்கதரிசி என்று ஏற்றிருந்த ஸ்மித்தின்மேல் வைத்திருந்த நம்பிக்கையையும் சேர்த்தே இழந்தார்கள். அவ்வாறு மனம் பிரிந்தவர்களில் ஆலிவர் கௌடரியும் டேவிட் விட்மரும் உண்டு. இவர்கள் கடைசி வரிசைத் தொண்டர்கள் அல்லர்; சபையின் மறைநூலுக்கு மூலமான பொன்தகடுகளைக் கண்ணால் கண்டோம் என்று சாட்சி சொன்ன மூவரில் இருவர். 1838 ஜூன் 17 அன்று, சபையின் முதன்மைப் பேச்சாளரான சிட்னி ரிக்டன், சாரமற்றுப்போன உப்பு வெளியே கொட்டப்பட்டு மனுஷரால் மிதிக்கப்படும் என்னும் மத்தேயு நற்செய்தி வசனத்தை எடுத்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. உடனேயே 83 பேர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று பிரிந்தவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரைக் காலிசெய்யுங்கள், செய்யாவிட்டால் வருவதற்கு நீங்களே பொறுப்பு என்பது அதன் செய்தி. அந்த வாரமே அவர்கள் வெளியேறினார்கள்.

இந்த விரட்டலை ஒட்டி உருவானதுதான் ‘டேனைட்’ என்று ஆங்கிலத்தில் அழைக்கப்பட்ட தாணியர் சங்கம். வழியில் கிடக்கிற சர்ப்பத்தைப்போல் தாண் இருப்பான் என்று ஆதியாகமத்தில் யாக்கோபு சொல்லும் அந்தத் தாண் கோத்திரத்தை நினைவூட்டும் பெயர். சாம்ப்சன் அவார்டு என்னும் மருத்துவர் அதை முன்னின்று நடத்தினார். சத்தியப் பிரமாணம், ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் குறிப்பு, பத்துப் பேருக்கொரு தலைவன், ஐம்பது பேருக்கொரு தலைவன் என்று ஒழுங்கெல்லாம் இருந்தது. ஜோசப் ஸ்மித்துக்கு இது எவ்வளவு தெரியும் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள். எதுவுமே தெரியாது என்று சொல்வது கடினம் என்பதே என் கருத்து. அவருக்காக அவருடைய செயலர் எழுதிவந்த நாட்குறிப்பில் அவ்வாண்டு ஜூலை இறுதியில் ஒரு பதிவு இருக்கிறது: சரியில்லாததை உடல்வலிமையால் சரிப்படுத்தவும், சபையிலுள்ள தீமைகளைச் சுத்தப்படுத்தவும் தாணியர் கூட்டம் ஒன்று இந்நாட்களில் நம்மிடம் உண்டு என்கிறது அது. பின்னால் யாரோ அந்த வரிகளின்மேல் கோடு இழுத்திருக்கிறார்கள். இழுத்தும், அடியிலிருக்கும் எழுத்தை இன்றைக்கும் படிக்க முடிகிறது.

இலையுதிர் காலத்தில் மிசௌரி அரசு சபைத் தலைவர்களைக் கைதுசெய்தபோது, அவார்டு அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி, எல்லாம் தலைவர்கள் சொல்லித்தான் என்று சாட்சியம் அளித்தார். 1839-இல் சபை அவரை நீக்கியது. சங்கத்தின் கதை அத்தோடு முடிகிறது. பெயர் மட்டும் முடியவில்லை. பிற்காலத்தில் யூட்டாவில் நடந்த ஒவ்வொரு கொலைக்கும் கிழக்கத்திய பத்திரிகைகள் ‘தாணியர்’, ‘சங்காரத் தூதர்’ என்று பெயர் சூட்டின. மலிவு நாவல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. நீங்கள் படித்த கதையும் அந்த வரிசையில் வந்ததுதான்.

நம் மொழியில் அடியாருக்கும் அடியாளுக்கும் ஓரெழுத்துத்தான் வேறுபாடு. அந்த 83 பேரையும் நினைக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வருகிறது. கூலிக்கு அடிக்கிறவர்களாக அவர்கள் வந்து சேரவில்லை. விசுவாசத்துக்காக வீடுவாசலை விட்டு வந்தவர்கள்.

கேள்வி: மார்மன்கள் துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையினர் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். அடிவாங்கியவர்களே அடித்தவர்களாகவும் இருந்தார்கள் என்பது முரணாக இல்லையா?

பதில்: முரண் இல்லை, முதலாவது இல்லாமல் இரண்டாவதை விளங்கிக்கொள்ளவே முடியாது. மிசௌரியின் ஜாக்சன் மாவட்டத்தில் 1833-இல் அவர்களுடைய அச்சகம் இடிக்கப்பட்டது. பிஷப் எட்வர்டு பார்ட்ரிஜின் உடம்பில் தாரைப் பூசி இறகை ஒட்டி அவமானப்படுத்தினார்கள். ஆண்டு முடிவதற்குள் எல்லாரையும் மாவட்டத்தைவிட்டே துரத்தினார்கள். 1838 ஆகஸ்ட் 6 அன்று, காலட்டின் என்னும் ஊரில் வாக்களிக்கப் போன மார்மன்களைத் தடுத்ததில் கைகலப்பு மூண்டது. அக்டோபரில் மார்மன் படையினர் அதே காலட்டினைக் கொள்ளையிட்டுத் தீ வைத்தார்கள். மாநிலக் குடிப்படையோடு க்ரூக்கட் ஆற்றங்கரையில் மோதினார்கள். அக்டோபர் 27 அன்று ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களைப் பகைவராக நடத்த வேண்டும், அவர்களை அழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டு விரட்ட வேண்டும் என்று எழுத்தில் ஆணையிட்டார். ஓர் அமெரிக்க மாநில ஆளுநர் தம் குடிமக்களைப் பற்றிப் பிறப்பித்த ஆணை இது. 1976 வரை அது முறைப்படி விலக்கிக்கொள்ளப்படவில்லை.

மூன்று நாள் கழித்து, ஹான்ஸ் மில் என்னும் சிற்றூரில் 17 மார்மன்கள் கொல்லப்பட்டார்கள். கொல்லன் பட்டறைக்குள் ஒளிந்தவர்களைச் சுவரின் மரக்கட்டைகளுக்கு இடையிலிருந்த சந்துகள் வழியாகவே சுட்டார்கள். துருத்திக்கு அடியில் பதுங்கியிருந்த சார்டியஸ் ஸ்மித் என்னும் பத்து வயதுச் சிறுவனை வெளியே இழுத்துச் சுட்டார்கள். ஈரை விட்டுவைத்தால் பேனாகும் என்று சுட்டவன் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. இக்கொலைகளுக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

ஆறாண்டு கழித்து, 1844 ஜூன் 27 அன்று, இலினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில், அரசின் காவலில் இருந்தபோதே ஜோசப் ஸ்மித்தையும் அவர் அண்ணன் ஹைரமையும் கூட்டமொன்று சுட்டுக் கொன்றது. அந்த வழக்கிலும் எல்லாரும் விடுதலை. தீர்க்கதரிசிகளின் இரத்தத்துக்குப் பழிவாங்கும்படி கடவுளிடம் வேண்டிக்கொள்வோம் என்னும் உறுதிமொழி ஆலயச் சடங்கில் சேர்ந்தது; 1920-களில்தான் அது எடுக்கப்பட்டது. நீதிமன்றம் நமக்கில்லை என்று அனுபவத்தில் படித்துக்கொண்ட ஒரு கூட்டம் யூட்டாவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே தானே நீதிமன்றமாகவும் ஆனது. இதை நான் நியாயம் கற்பிப்பதற்காகச் சொல்லவில்லை. யூட்டாவில் பின்னால் கொல்லப்பட்டவர்களுக்கும் ஹான்ஸ் மில்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கேள்வி: கொலை தவிர, சாதாரண நாட்களில் மிரட்டல் எப்படி நடந்தது?

பதில்: ஒரு காட்சியைச் சொன்னால் போதும். மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் மார்மன்கள் கட்டிய நாவூ நகரின் சாசனத்தை 1845 ஜனவரியில் இலினாய் சட்டமன்றம் பறித்துவிட்டது. அத்தோடு நகரக் காவலர்களும் போனார்கள். அதற்குப்பின், சந்தேகத்துக்குரிய அந்நியன் எவனாவது ஊருக்குள் வந்தால், கையில் பெரிய கத்தியும் மரத்துண்டுமாகப் பையன்களும் இளைஞர்களும் வந்து அவனைச் சூழ்ந்துகொள்வார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். சீட்டியடித்தபடி மரத்தைச் சீவிக்கொண்டே, அவன் நின்றால் நிற்பார்கள், நடந்தால் கூடவே நடப்பார்கள். அவன் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு கலைந்துபோவார்கள். தொட்டான், அடித்தான் என்று புகார் கொடுக்க அங்கே எதுவும் நடந்திருக்காது.

கேள்வி: போர்ட்டர் ராக்வெல் என்பவருக்கு முடி வெட்டாதவரை சாவில்லை என்று வரம் இருந்ததாமே?

பதில்: 1842 மே மாதம், முன்னாள் ஆளுநர் பாக்ஸை அவர் வீட்டில் யாரோ சன்னல் வழியாகச் சுட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். பழி, ஜோசப் ஸ்மித்தின் மெய்க்காவலரான ராக்வெல்மேல் விழுந்தது. மிசௌரிச் சிறையில் பல மாதம் கிடந்தும் குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் வெளியே வந்தவர், 1843 கிறிஸ்துமஸ் அன்று, சடைபிடித்த தலையும் கந்தல் துணியுமாக நாவூவில் ஜோசப் ஸ்மித்தின் விருந்துக்குள் நுழைந்தார். முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. விசுவாசமாக இருந்து முடியை வெட்டாதிருக்கும்வரை எந்தக் குண்டும் எந்தக் கத்தியும் உன்னைத் தீண்டாது என்று ஸ்மித் அன்று வாக்களித்தார் என்பது மார்மன் மரபு. விவிலியத்துச் சிம்சோன் நினைவுக்கு வருவான். பிற்காலத்தில், காய்ச்சலில் முடியிழந்த ஜோசப் ஸ்மித்தின் தம்பி மனைவிக்குப் பொய்முடி செய்ய அதை வெட்டிக் கொடுத்தார் என்பதும் அந்த மரபின் பகுதிதான்.

கதையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அவர் வாழ்க்கை வியப்பானது. 1849 முதல் யூட்டாவில் துணை மார்ஷலாக இருந்தார். தொலைவழித் தபால் கொண்டுபோனார். விடுதியும் மதுக்கடையும் நடத்தினார். வாரண்டு வைத்திருக்கும் காவல் அதிகாரியும் அவர்தான், தலைவரின் சொல்லுக்காக எதையும் செய்வார் என்று ஊர் அஞ்சியவரும் அவர்தான். ஒரு குறிப்பிட்ட நாளில் அவர் எந்தத் தொப்பியைப் போட்டிருந்தார் என்று எதிரில் நின்றவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. 1857-இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த எய்க்கன் குழுவினரைக் கொன்றதாக, இருபது ஆண்டு கழித்து அவர்மேல் வழக்குப் பதிவானது. விசாரணை தொடங்கும் முன்பே, 1878 ஜூன் 9 அன்று, சால்ட் லேக் நகரில் இயற்கையாக இறந்தார்.

அவரோடு ஒப்பிட பில் ஹிக்மன் என்று இன்னொருவர் உண்டு. 1868-இல் சபையிலிருந்து நீக்கப்பட்டார். கைதான பின், தலைமையின் சொல்லுக்கிணங்கவே கொன்றேன் என்று வாக்குமூலம் கொடுத்தார். அதை வைத்து 1871-இல், ஸ்மித்துக்குப் பின் சபைத் தலைவரான பிரிகாம் யங்மேலேயே கொலைக் குற்றச்சாட்டு எழுந்தது. ஆனால் யூட்டாவில் நடுவர் குழுக்களைத் தேர்ந்தெடுத்த முறையே சட்டப்படி செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறு ஆண்டு தீர்ப்பளித்ததும் வழக்கு விழுந்துபோனது. ஹிக்மனின் வாக்குமூலம் பரபரப்புக்காகக் காரம் தூவி அச்சிடப்பட்டது. அதை வரிக்கு வரி நம்புகிறவர்களும் தவறு செய்கிறார்கள், முழுதாகத் தள்ளுகிறவர்களும் தவறு செய்கிறார்கள்.

கேள்வி: ‘இரத்தப் பரிகாரம்’ என்ற கோட்பாடு என்ன? சபையைவிட்டு விலகியவரைக் கொல்லலாம் என்பதா?

பதில்: 1856-இன் இறுதியில் யூட்டாவில் ‘சீர்திருத்தம்’ என்ற பெயரில் ஒரு சமய எழுச்சி கிளம்பியது. விளைச்சல் பொய்த்து, வெட்டுக்கிளி தின்று, மக்கள் சோர்ந்திருந்த காலம். ஜெடிடையா கிராண்ட் என்னும் தலைவர் ஊர் ஊராகச் சென்று, பாவத்தை அறிக்கையிடுங்கள், மறுபடி ஞானஸ்நானம் பெறுங்கள் என்று இடி முழங்குவதுபோல் பேசினார். வீடு வீடாகப் போய்க் கேள்விப் பட்டியலை வைத்துக்கொண்டு விசாரித்தார்கள். கிறிஸ்துவின் இரத்தம் தீர்க்க முடியாத சில பாவங்கள் உண்டு. அவற்றைச் செய்தவன் தன் இரத்தத்தையே சிந்தினால்தான் ஈடேற்றம். அப்படிச் சிந்தவைப்பது அவனுக்குச் செய்யும் அன்பு என்று கிராண்டும் பிரிகாம் யங்கும் மேடையில் பேசினார்கள். பேச்சுக்கள் சபையின் இதழிலேயே அச்சாகி இருக்கின்றன; யாரும் மறுப்பதற்கில்லை. அது பயமுறுத்தும் பிரசங்கம்தான், சட்டமல்ல என்பது சபை ஆதரவாளர்களின் விளக்கம். இருக்கலாம். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் இடுப்பில் துப்பாக்கி இருந்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஸ்பிரிங்வில் ஊரில் 1857 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். வில்லியம் பாரிஷ் நெடுநாள் விசுவாசி. நம்பிக்கை தளர்ந்து, குடும்பத்தோடு கலிஃபோர்னியாவுக்குப் போய்விட முடிவுசெய்தார். அவரோடு சேர்ந்து தப்பப் போவதுபோல் நடித்து உளவு சொல்ல, பாட்டர் என்பவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். இருட்டில் பாரிஷ் என்று நினைத்துக் கொலையாளி முதலில் பாட்டரையே சுட்டுவிட்டான். பிறகு பாரிஷைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். அவர் மகன் பீசனும் சுடப்பட்டு இறந்தார். இன்னொரு மகன் ஓடித் தப்பினார். 1859-இல் கூட்டாட்சி நீதிபதி ஜான் கிரேடில்பா, படைவீரர் காவலோடு ப்ரோவோ நகரில் விசாரணை நடத்தினார். உள்ளூரார் நிறைந்த நடுவர் குழு ஒருவர்மேலும் குற்றம் சாட்ட மறுத்துவிட்டது.

விலகிய எல்லாருக்கும் இதே கதி என்று கொண்டால் அதுவும் பிழை. ஆயிரக்கணக்கானோர் விலகிப் போனார்கள். பெரும்பாலானவர்களை யாரும் தொடவில்லை. 1869-இல் வில்லியம் காட்பி என்னும் வணிகரின் தலைமையில் பிரிந்தவர்கள் சால்ட் லேக் நகரிலேயே தங்கி, யங்கை எதிர்த்துப் பத்திரிகையும் நடத்தினார்கள். மேற்கு முழுவதும் சட்டத்தைக் கையில் எடுப்பது சாதாரணமாயிருந்த காலம் அது. 1856-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கண்காணிப்புக் குழு நான்கு பேரைத் தானே தூக்கிலிட்டது. ஆனால் ஒரு வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். சான் ஃபிரான்சிஸ்கோவில் அந்தக் குழுவை எதிர்ப்பவன் ஊரின் பகையைத் தேடிக்கொள்வான். ஸ்பிரிங்வில்லில் எதிர்ப்பவன் தன் மறுமையையும் பணயம் வைக்க வேண்டும்.

கேள்வி: மவுண்டன் மெடோஸ் படுகொலைக்குப் பிரிகாம் யங் ஆணையிட்டாரா, இல்லையா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

பதில்: இல்லை. ஒரே சொல்லில் விட்டுவிட்டால் உங்களை ஏமாற்றியதாகும் என்பதால் மேலும் எழுதுகிறேன்.

1857 கோடையில் குடியரசுத் தலைவர் பியூக்கானன், யூட்டாவுக்குப் புதிய ஆளுநரையும் அவருக்குத் துணையாகப் படையையும் அனுப்பினார். செய்தி ஜூலை 24 அன்று, குடியேற்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவை மலைப் பள்ளத்தாக்கில் கொண்டாடிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது; கொண்டுவந்தவர்களில் ராக்வெல்லும் ஒருவர். மறுபடியும் மிசௌரிதான் என்று மக்கள் நம்பினார்கள். தானியத்தை வெளியாருக்கு விற்காதீர்கள் என்று தலைவர் ஜார்ஜ் ஏ. ஸ்மித் தெற்கு ஊர்கள் எங்கும் சொல்லிக்கொண்டு போனார். சபையின் அப்போஸ்தலர் பார்லி பிராட் அவ்வாண்டு மே மாதம் ஆர்கன்ஸாவில் கொல்லப்பட்டிருந்தார். இந்த நேரம் பார்த்து, அதே ஆர்கன்ஸாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போகும் பேக்கர்–ஃபேன்சர் குடும்பங்களின் வண்டித்தொடர், மாடு கன்றோடு தெற்கு யூட்டாவுக்குள் வந்தது.

அங்கே அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதைப் பாருங்கள். முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. சீடர் நகரில் ஐசக் ஹெய்ட் என்பவர் சபையின் வட்டாரத் தலைவர், நகர மேயர், குடிப்படையின் மேஜர். ஜான் ஹிக்பி அவருக்குச் சபையில் ஆலோசகர், படையில் மேஜர். பிலிப் கிளிங்கன்ஸ்மித் பிஷப். படையில் வெறும் சிப்பாய். பாரவன் நகரில் வில்லியம் டேம் சபைத் தலைவரும் படையின் கர்னலும். ஜான் டி. லீ, பையூட் பழங்குடியினரிடம் அரசின் சார்பில் பழகும் பொறுப்பாளர். பிரிகாம் யங்கின் சுவீகாரப் புத்திரர் என்று ஆலயச் சடங்கில் சேர்க்கப்பட்டவர். ஊரில் ஒருவனுக்கு ஆணை வந்தால், அது மேஜரிடமிருந்து வந்ததா, மேயரிடமிருந்து வந்ததா, தேவனுடைய ஊழியரிடமிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்க இயலாது. மூவரும் ஒரே ஆள். இரகசியச் சங்கம் எதற்கு?

செப்டம்பர் 7 அதிகாலையில், மவுண்டன் மெடோஸ் என்னும் புல்வெளியில் அந்த வண்டித்தொடர்மேல் முதல் தாக்குதல். பையூட்டுகள் செய்ததாகக் காட்டிக்கொள்வதே திட்டம். பயணிகள் வண்டிகளை வட்டமாக நிறுத்தி, பள்ளம் தோண்டி, ஐந்து நாள் தாக்குப்பிடித்தார்கள். இதற்கிடையே உதவி தேடிப்போன பயணி ஒருவரை மார்மன் ஒருவர் சுட்டுக் கொன்றார். கூடப்போனவர் தப்பித்து முகாமுக்குத் திரும்பிவிட்டார். வெள்ளையர் கை இதில் இருக்கிறது என்பது பயணிகளுக்குத் தெரிந்துபோனது. அவர்கள் கலிஃபோர்னியாவுக்குப் போய்ச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம்தான், வாய் திறக்கும் வயதுள்ள ஒருவரையும் விடக்கூடாது என்ற முடிவுக்கு மார்மன் தலைவர்களைக் கொண்டுபோனது.

செப்டம்பர் 11 அன்று லீ வெள்ளைக் கொடியோடு போனார். ஆயுதத்தை ஒப்படைத்தால் பையூட்டுகளிடமிருந்து காத்து சீடர் நகருக்குக் கூட்டிப்போகிறோம் என்றார். துப்பாக்கிகளும் காயம்பட்டவர்களும் சிறு குழந்தைகளும் வண்டிகளில் முன்னே போக, பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் நடந்து பின்தொடர, கடைசியில் ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக, ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மார்மன் காவலனோடு வந்தார்கள். ‘நில்! உன் கடமையைச் செய்!’ என்று ஹிக்பி குரல் கொடுத்ததும், ஒவ்வொருவனும் பக்கத்தில் நடந்தவரைத் திரும்பிச் சுட்டான். சிலர் வானத்தை நோக்கிச் சுட்டார்கள் என்று பிறகு சொல்லப்பட்டது. அவர்களுக்கு விழுந்த பங்கை மற்றவர்கள் முடித்தார்கள். ஏறத்தாழ 120 பேர் மாண்டார்கள். சாட்சி சொல்லத் தெரியாத வயது என்று கருதி 17 குழந்தைகளை மட்டும் உயிரோடு விட்டார்கள்.

இனி உங்கள் கேள்வி. என்ன செய்வது என்று யங்கிடம் கேட்க, ஜேம்ஸ் ஹாஸ்லம் என்பவர் செப்டம்பர் 7 அன்று சீடர் நகரிலிருந்து குதிரையில் புறப்பட்டார். ஏறத்தாழ 250 மைல். 10-ஆம் தேதி சால்ட் லேக் நகரை அடைந்தார். அன்றே பதிலோடு திரும்பினார். பயணிகளிடம் தலையிடாதீர்கள், அவர்களைப் போகவிடுங்கள், பூர்வகுடிகள் தங்கள் விருப்பப்படி நடந்துகொள்வார்கள் என்பது பதில். 13-ஆம் தேதி ஹெய்ட் அதைப் படித்துவிட்டு, காலம் கடந்துவிட்டது என்று அழுதார். ஆகவே ஆணை தலைநகரிலிருந்து வரவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தின் இரண்டாம் பகுதியைப் பாருங்கள். கை கழுவிக்கொள்ள அதில் இடம் வைத்திருக்கிறார். ஓராண்டாக மேடையில் பேசியதும் அவர்தான். கொலைக்குப்பின், பூர்வகுடிகள் செய்தார்கள் என்று 1858 ஜனவரியில் வாஷிங்டனுக்கு அறிக்கை எழுதியவரும், கொலையாளிகளை ஆண்டுக்கணக்காகச் சபைக்குள் வைத்திருந்தவரும் அவர்தான்.

கொலை நடந்த மறுநாள் காலையில், பிணங்களுக்கு நடுவே டேமும் ஹெய்டும் யார் ஆணையிட்டது என்று வாக்குவாதம் செய்தார்கள். இத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது என்றார் டேம். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் உறைந்துபோக வைக்கும் சொல் அதுதான்.

கேள்வி: இத்தனை பேர் சேர்ந்து செய்த கொலைக்கு லீ ஒருவரை மட்டும் தண்டித்தது எப்படி?

பதில்: கிளிங்கன்ஸ்மித் 1871-இல் சத்தியப் பிரமாணத்தோடு உண்மையைச் சொன்ன பிறகுதான் வழக்கு நகர்ந்தது. 1874-இல் ஒன்பது பேர்மேல் குற்றச்சாட்டு. ஹெய்டும் ஹிக்பியும் தலைமறைவானார்கள். டேம்மீது இருந்த வழக்கு கைவிடப்பட்டது. லீயின் முதல் விசாரணையில், 1875-இல், நடுவர்கள் ஒத்துப்போகவில்லை. இரண்டாவது விசாரணையில், 1876-இல், நடுவர் அனைவரும் மார்மன்கள். அதுவரை எதையும் நினைவுகூர முடியாதிருந்த சாட்சிகளுக்கு லீயைப் பற்றி மட்டும் நினைவு திரும்பியது. 1877 மார்ச் 23 அன்று, கொலை நடந்த அதே புல்வெளிக்குக் கொண்டுபோய், தம் சவப்பெட்டியின்மேல் உட்கார வைத்துச் சுட்டார்கள். சுடுவதற்குச் சற்று முன் எடுத்த புகைப்படம் இருக்கிறது. நெஞ்சைக் குறிபாருங்கள், உடம்பைச் சிதைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். குற்றமற்றவர் அல்லர், தனியாகச் செய்தவரும் அல்லர். அவரைச் சபை 1870-இல் நீக்கி, 1961-இல், இறந்து 84 ஆண்டு கழித்து, மறுபடி சேர்த்துக்கொண்டது.

கேள்வி: பையூட் மக்களுக்கு இதில் பங்கு உண்டா?

பதில்: சிலர் பங்கெடுத்தார்கள், அழைத்து வந்ததும் திட்டமிட்டதும் குடியேறிகள். ஆயினும் பழி நெடுங்காலம் பையூட்டுகள்மேல்தான் இருந்தது. 1866-இல் சர்க்கிள்வில் ஊரில், காவலில் வைத்திருந்த பையூட் கைதிகளை, பெண்கள் உட்பட, மார்மன் குடியேறிகள் கொன்றது பற்றி இந்தப் பழி சுமத்தியவர்கள் யாரும் பேசவில்லை. அதற்கு நினைவுக்கல் வைக்க 2016 வரை ஆனது.

கேள்வி: இன்றைய சபையினரை ‘மார்மன்’ என்று எழுதலாமா?

பதில்: பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்னும் முழுப்பெயரால் அழைக்கும்படி 2018 முதல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டுள்ளது. 19-ஆம் நூற்றாண்டு வரலாற்றுக்கு அன்று எல்லாரும், அவர்கள் உட்பட, புழங்கிய பெயரை நாங்கள் புழங்குகிறோம்.

கேள்வி: அந்தப் புல்வெளியில் இப்போது என்ன இருக்கிறது?

பதில்: 1859-இல் மேஜர் ஜேம்ஸ் கார்ல்டன் தலைமையில் வந்த அமெரிக்கப் படையினர், புல்வெளியில் சிதறிக் கிடந்த எலும்புகளைப் பொறுக்கிப் புதைத்து, மேலே கற்களைக் குவித்து, மரச்சிலுவை ஒன்றை நட்டார்கள். பழிவாங்குதல் என்னுடையது, நானே பதில் செய்வேன் என்கிறார் கர்த்தர் என்று அதில் பொறித்திருந்தார்கள். 1861-இல் பிரிகாம் யங் அந்த இடத்துக்கு வந்தார். வாசகத்தைப் படித்துவிட்டு, பழிவாங்குதல் என்னுடையது, கொஞ்சம் வாங்கியும் இருக்கிறேன் என்று இருக்க வேண்டும் என்றார் அவர். எதிரிகள் கட்டிய கதையன்று. உடன் சென்ற அப்போஸ்தலர் வில்ஃபர்டு உட்ரஃப் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தது. கற்குவியலை அவருடன் வந்தவர்கள் பிரித்துப் போட்டார்கள்.

அதன்பின் பலமுறை கட்டினார்கள், பலமுறை சிதைந்தது. 2007-இல், 150-ஆம் ஆண்டு நினைவு நாளில், சபை அங்கேயே தன் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தது. 2011-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். அதற்கு முன்பே, 1999 ஆகஸ்டில், புதிய நினைவுச் சின்னத்துக்காகச் சபை மண்ணைத் தோண்டியபோது, எலும்புகளைத் தொந்தரவு செய்யாமல் வேலையை முடிக்க வேண்டும் என்று எவ்வளவோ கவனமாகத் திட்டமிட்டிருந்தும், இயந்திரத்தின் வாளியில் எலும்புகளே மேலே வந்தன. குறைந்தது 28 பேருடையவை. ஒரு மாதத்தில், மாண்டவர்களின் வழித்தோன்றல்கள் கூடி நிற்க, அவற்றை அதே இடத்தில் மறுபடி புதைத்தார்கள்.